எலி கடித்த ஒயர்

நேற்று மழையில் மூன்று தடவை ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி, ட்ரிப் ஆனது. "அந்தச் சனியனைக் கழற்றிப் போடுடா" என்றார் அம்மா. தேடிப் பார்த்தால் கிரைண்டர் ஒயரை எலி கடித்து, உள்ளே செம்பு பளபளக்கிறது. கீழே ஈரத் தரை.

இந்த வகைக் கருவிக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் பிடித்த கையை விடவே முடியாமல் போகும் என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்த மனுஷன்! ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர்தானாம். போன மின்சாரம் முழுசாகத் திரும்பாமல் 5 மில்லியாம்பியர் குறைந்தாலே அவர் கருவி லைனைத் துண்டித்துவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் 30.

எல்லாவற்றையும் அம்மாவிடம் விளக்கினேன்.

"சரி, எலிப்பொறி வாங்கிட்டு வா."