மாத்திரையை நிறுத்திய ஒன்பது நாட்கள்

பல் பிடுங்கச் சென்ற இடத்தில்தான் என் இரத்த அழுத்தம் 164/102 என்று தெரியவந்தது. தலைவலி, மயக்கம், படபடப்பு எதுவும் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே பல்வலியின் பதற்றம்தான் காரணம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மருத்துவரும் அதை மறுக்கவில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்தாலே அழுத்தம் உயர்பவர்கள் உண்டு என்றும், ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதிவரும்படியும் சொன்னார்.

அளப்பதற்கென்று ஒரு முறை இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, தேநீர் குடிக்காமல், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் வைத்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. கருவியோடு வந்த, கையில் சுற்றும் பட்டை என் கைக்குச் சிறியதாக இருந்ததால் அளவு கூடுதலாகக் காட்டியது. பெரிய பட்டைக்கு மாறிய பின்பும் சராசரி 152/96 இருந்தது. வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை என்பதால், பதற்றம் என்ற சமாதானம் அத்தோடு முடிந்தது.

அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரத்தில் 128/82-க்கு வந்தேன். ஆனால் மாலையானால் கணுக்கால் வீங்கும். காலுறையின் விளிம்பு பதிந்த தடம் படுக்கப்போகும் வரை மறையாது. அளவுதான் சரியாகிவிட்டதே என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். அந்த மருந்து உடலைவிட்டு மெதுவாகவே நீங்கும் என்பது தெரியாததால், முதல் சில நாட்கள் அளவு அதிகம் ஏறாததைக் குணமானதற்கான சான்றாகவே எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலை கருவி 158/98 காட்டியது. பக்கவாதம் வந்த என் அண்ணன் இடக்கையால் மட்டும் சட்டைப் பொத்தானைப் போட முயல்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்; அவருக்கும் அதற்கு முன் உடம்பில் எந்தத் தொல்லையும் தெரிந்ததில்லை. அன்றே மருத்துவரிடம் ஓடினேன்.

வீக்கத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாமே என்பது மட்டுமே அவர் சொன்னது. ஈசிஜியில் இதயச் சுவர் தடித்ததற்கான அறிகுறி இல்லை, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புரதமும் சிறுநீரில் இல்லை என்று கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அதற்குப் பதிலாக டெல்மிசார்டன் என்ற வேறு அழுத்த மாத்திரையைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். முழங்கால் வலிக்கு நானாக வாங்கி விழுங்கிவந்த இபுபுரூஃபன் அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதும் அன்றுதான் தெரிந்தது, அதை விட்டுவிட்டேன். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் அடக்குவதுதான் கடினமாக இருந்தது, ஏனெனில் பெரும்பகுதி பொட்டலத் தின்பண்டங்களில் ஒளிந்திருந்தது.

இப்போது மூன்றாவது குறிப்பேடு ஓடுகிறது. சென்ற வாரச் சராசரி 126/80. கணுக்காலில் வீக்கம் இல்லை.