கேமரா ஒதுக்கிவிட்ட அரைமணி நேரம்

கடந்த சில வாரங்களாக ஒரு சிறிய கேமராவைச் சட்டையில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடி வருகிறேன். அதில் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. எப்போது எடுப்பது, எடுத்தவற்றில் எதை வைத்துக்கொள்வது என்பதை அதற்குள்ளிருக்கும் செயற்கை நுண்ணறிவே முடிவு செய்துகொள்ளும். ஞாபகம் மெல்ல மங்கிவரும் அம்மாவோடு கழிக்கும் நாட்கள் ஏதேனும் ஒரு வடிவில் தங்க வேண்டும், அதற்காக அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது என்று நினைத்துத்தான் அதை வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலோரம் அமர்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். நூலின் முனையை நாவில் ஈரப்படுத்தி, விரல்களுக்கிடையே முறுக்கி, ஊசிக் காதில் மூன்று முறை தவறவிட்டு நான்காம் முறை கோத்தார். அரைமணி நேரம் நான் எதிரிலேயே இருந்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால், அந்த அரைமணி நேரத்திலிருந்து கேமரா ஒரே ஒரு துண்டைத்தான் வைத்திருந்தது: தங்கை உள்ளே நுழைந்தபோது அம்மா நிமிர்ந்து சிரித்த சில நொடிகள். அழகான படம்தான். ஆனால் குனிந்த தலையோ ஊசியோ அந்த விரல்களோ அதில் இல்லை.

இதைக் கருவியின் கோளாறு என்று சொல்ல முடியாது. இத்தகைய கேமராக்களுக்கு எது நல்ல கணம் என்று கற்றுக்கொடுக்கப்படும் விதமே அப்படி. 2017-இல் அறிவிக்கப்பட்டு 2019-இல் விற்பனை நிறுத்தப்பட்ட கூகுள் கிளிப்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மைக் கிடையாது. படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் கேமராவுக்குள்ளேயே நடந்தது. அதைப் பயிற்றுவிக்க, ஏறத்தாழ 1,000 காணொளிகளிலிருந்து வெட்டிய துண்டுகளை இரண்டிரண்டாக மனிதர்களிடம் காட்டி, இவற்றில் எது மேல் என்று கேட்டார்கள். இப்படி 5 கோடிக்கும் அதிகமான ஒப்பீடுகள் பயன்படுத்தப்பட்டன. உழைப்பு பெரியதுதான், ஆனால் அந்தக் கேள்வியை எண்ணிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் சிரிக்கும் முகத்தையும் நூல் கோக்கும் கையையும் அருகருகே காட்டினால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்தக் கை யாருடையது என்று அறியாதவரின் ரசனையைத்தான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது.

இதற்கு முன்பு வந்த கேமராக்களுக்கு இந்த ரசனை இருக்கவில்லை. சுவீடனிலிருந்து வந்த நேரடிவ் கிளிப் 30 நொடிக்கு ஒருமுறை எதிரில் என்ன இருந்தாலும் எடுத்தது. அதற்கும் முந்தியது கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான சென்ஸ்கேம். கழுத்திலிருந்து மார்பில் தொங்கும் அந்தக் கருவி, வெளிச்சம் மாறினாலோ, எதிரே ஆள் வந்து உடல்வெப்பம் தட்டுப்பட்டாலோ ஒரு படம் எடுக்கும். படம் அழகாக இருக்கிறதா என்று அது கேட்டதே இல்லை.

அந்தச் சென்ஸ்கேமை, மூளை அழற்சியால் நினைவாற்றலைப் பெரிதும் இழந்திருந்த 63 வயதுப் பெண் ஒருவர் அணிந்து பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. தன் படங்களை இரண்டு நாளைக்கொருமுறை ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் பார்த்த பின், அண்மையில் நேர்ந்தவற்றில் சுமார் 80 சதவீதத்தை அவரால் சொல்ல முடிந்தது. எழுதி வைத்த நாட்குறிப்பைப் படித்தபோது அது சுமார் 49 சதவீதம். படிப்பதை நிறுத்தி ஒரு மாதமானதும் எதுவும் மிஞ்சவில்லை. படங்களால் திரும்பிய நினைவோ பல மாதங்கள் நின்றது. ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வு இது. அம்மாவின் நிலை வேறு. இதை நான் மருந்தாக எண்ணவில்லை. என்றாலும் இதைப் படித்தபோது என் தவறு விளங்கியது. அந்தப் பெண்ணின் படங்களில் இருந்தது அவர் முகமல்ல, அவர் கண்ட உலகம். அம்மாவின் நினைவுக்காக என்று சொல்லிக்கொண்டு, என் நினைவுக்கான படங்களையே நான் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கும்படி அமைத்து, கேமராவை அம்மாவுக்கே அணிவித்தேன். இதில் அனுமதி என்பது ஒருமுறை கேட்டு முடியும் காரியமல்ல, ஏனெனில் நேற்றுச் சம்மதித்தது அவருக்கு இன்று நினைவிருப்பதில்லை. ஒவ்வொரு காலையும் அதைக் கையில் வைத்துக்காட்டி, இது படம் எடுக்கும், போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்கிறேன். இரண்டு நாள் வேண்டாம் என்றார். கேமரா மேசை இழுப்பறையிலேயே இருந்தது. குளியலறைக்குப் போகும்முன் கழற்றிவிடுகிறோம். வீட்டுக்கு வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் எரியும் புள்ளி விளக்கை அறிவிப்பாகக் கொள்ளும்படி விருந்தினரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படங்களில் பெரும்பாலானவை சாய்ந்த சுவர், கதவின் பாதி, மேசை விளிம்பு. நேற்று மாலை அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தியபோது, மடியில் விரித்த சட்டையும், ஊசியைப் பிடித்த தன் இரண்டு கைகளும் தெரிந்த ஒரு மங்கலான படத்தில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த நூலு கோக்கவே வரல. அப்புறம் உன் தங்கச்சிதான் கோத்துக் குடுத்தா."

உண்மைதான், இரண்டாவது சட்டை தைத்த அன்று தங்கைதான் கோத்துக்கொடுத்தாள். அந்தப் படத்தில் அவள் இல்லை.