துலாம்பென் கடலில் ஒரு நீல நூடி

பாலியின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பெனுக்குப் பெரும்பாலோர் போவது லிபர்ட்டி கப்பலுக்காகத்தான். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. கரையேற்றி விட்டிருந்தார்கள், 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. இப்போது அதன் மேலெல்லாம் பவளமும் கடற்பஞ்சும். எனக்கோ கப்பலைவிட அங்கே ஊரும் நூடிபிராங்குகள் மேல்தான் கண். ஓடில்லாத கடல் நத்தைகள். டைவர்கள் செல்லமாக 'நூடி' என்பார்கள்.

கரை முழுக்க உருண்டைக் கற்கள். வெறுங்கையோடு நடக்கவே எனக்குக் கால் பிசகியது. ஊர்ப் பெண்கள் காற்று சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு சர்வ சாதாரணமாகப் போகிறார்கள்.

கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி ஒரு கடற்பஞ்சைக் காட்டினார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு நூடி. ஆழத்தில் சிவப்பும் ஆரஞ்சும் மங்கிவிடும் என்பதால் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். வெளிர் நீல உடம்பு, நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். அவர் சிலேட்டில் 'குரோமோடோரிஸ்' என்று எழுதினார். சரி, எந்த குரோமோடோரிஸ்? நீலமும் கறுப்புக் கோடும் அந்தப் பேரினத்தில் பலவற்றுக்கு உண்டு.

சாயங்காலம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அன்னே, எலிசபெத்தினா என்ற இரண்டு இனங்களுக்கும் தலையில் நீட்டியிருக்கும் கொம்பும் முதுகின் பின்பக்கச் செவுளும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. இதற்கு அப்படி இல்லை, ஆகவே இரண்டும் வெளியே. டயானேவுக்குச் செவுள் நுனியில் ஆரஞ்சு இருக்கும், அதுவும் இல்லை. மிஞ்சியவை லோக்கியும் வில்லானியும். இரண்டையும் 1982-இல் முதலில் விவரித்தவர் கடல் நத்தை ஆய்வாளர் ரட்மேன். மேலிருந்து பார்த்தால் எது எதுவென்று சட்டென்று சொல்ல முடியாது. லோக்கியின் கொம்பும் செவுளும் வெறுமையாக இருக்கும். வில்லானியில் அவற்றின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். எங்கள் படத்தில் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. வில்லானியேதான்.

ஏன் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன? குரோமோடோரிஸ்கள் தின்னும் கடற்பஞ்சிலிருந்து லட்ருன்குலின் என்ற நஞ்சை உடம்பின் விளிம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஒன்றைக் கடித்துச் சூடுபட்ட மீன் அதே கோலத்தில் வரும் மற்றதையும் தொடாது. அதனால் கோலத்தைப் பகிர்ந்துகொள்வதில் எல்லாருக்கும் லாபம், படம் எடுப்பவனைத் தவிர. 2018-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு இன்னும் சிக்கலாக்கியது: வேறு வேறு இனங்கள் ஒரே கோலத்தில் இருக்கின்றன, ஒரே இனம் பல கோலத்திலும் வருகிறது.

ஆகவே நூடியைப் படம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: முதுகின் அழகில் மயங்கி நிற்காதீர்கள். முன்னால் கொம்பு, பின்னால் செவுள், அப்புறம் விளிம்பின் நிறம், மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். குச்சியால் நகர்த்தி 'போஸ்' கொடுக்க வைப்பவர்களைக் கண்டால் எரிச்சலாக வரும். தொட்டதும் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அடையாளம் காண என்ன இருக்கிறது?

மறுநாள் கப்பலின் பின்பக்கம் இன்னொரு நீல நூடி. யாரோ ஒருவரின் கால் துடுப்பு பட்டு, நான் போவதற்குள் செவுள் மூடிவிட்டது. அந்தப் படத்துக்கு இன்றுவரை 'குரோமோடோரிஸ், இனம் தெரியவில்லை' என்றுதான் பெயர்.