சுடாமலே சோதிப்பது எப்படி: வெற்றுத் தோட்டா பிஸ்டல் வாங்குவோர் படும் பாடு

வெற்றுத் தோட்டா போடும் மாதிரி பிஸ்டலைச் சேகரிப்பவருக்கு விநோதமான ஒரு தலைவலி உண்டு. சுட்டுப் பார்த்தால் மதிப்பு இறங்கிவிடும். சுடாமல் வாங்கினால் அது சுடுமா என்றே தெரியாது. விற்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. "அண்ணே, ஒரு ரவுண்டுகூடப் போடல, பெட்டியிலிருந்து இப்பத்தான் எடுத்தேன்" என்பார். மூச்சு விடாமல் "வேலையெல்லாம் சூப்பரா செய்யும்ணே" என்றும் சேர்த்துக்கொள்வார். முதல் வாக்கியம் உண்மை என்றால் இரண்டாவது எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மழைக்கும் வெயிலுக்கும் தாவிவிடும்.

சுடாமலே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் கையில் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. "பொம்மைதானே" என்று குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசாமி எல்லாச் சேகரிப்பாளர் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். வெற்றுத் தோட்டாவில் குண்டுதான் இல்லை, மருந்து உண்டு. கிட்டத்தில் அந்த வாயுவே ஆளைக் கொல்லும். 1984ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாய்த் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்துபோனார். ஆகவே குழல் யார் பக்கமும் திரும்பாமல் முதலில் மேகசினை, அதாவது பிடிக்குள் செருகிய தோட்டாக் கூட்டை, கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, முழுக்கப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய் உட்காரும். அதன்பின் மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று அறிவிப்பவர் ஊரையே கூட்டப் போகிறார்.

இப்போது சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுங்கள். இந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் உடம்பு எஃகு அல்ல. ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவை, சுமார் 4 சதவீத அலுமினியம் சேர்த்து அச்சில் வார்த்தது. காந்தம் அதில் ஒட்டாது. ஸ்பிரிங்குகள், பின்கள், காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஆகியவற்றில் ஒட்டும், நிஜக் குண்டு போகாதபடி குழலுக்குள் பதித்த எஃகுத் தடையிலும் பெரும்பாலும் ஒட்டும். "முழு ஸ்டீல் பாடி" என்று உறுதியளித்த விற்பனையாளர் முன் காந்தத்தை ஸ்லைடில் வைத்து, அது வழுக்கி மேசையில் விழுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். வேறெதுவும் பேச வேண்டியதில்லை, விலை தானாக இறங்கும். ஜமாக் என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. கலவை சுத்தமாக இருந்து கையாளுதலும் சரியாக இருந்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். எஃகை எடை போடும் கண்ணால் இதை எடை போடக் கூடாது, அவ்வளவுதான். சுமார் 380 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் உலோகம் இது. அடி விழுந்தால் வளைவதைவிட விரிசல் விடவே இதற்குப் பிடிக்கும்.

விரிசல் வரும் இடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காலித் தோட்டா வெளியேறும் சன்னலின் மூலைகள், ஸ்லைடின் முன்பக்க மெல்லிய பகுதி, குழல் சட்டத்தோடு (ஃபிரேமோடு) சேரும் அடிப்பகுதி, ட்ரிக்கர் காவல் வளையம் தொடங்கும் இடம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் சாய்வாக விழும் டார்ச் வெளிச்சமும் போதும். நேர் வெளிச்சத்தில் விரிசல் தெரியாது, சாய்வில் நிழலாக எழும்பும். பழைய பொருளானால் இன்னொரு வியாதிக்கும் பார்க்க வேண்டும். துத்தநாகத்தில் ஈயம் துளி கலந்தாலும் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே அரித்து ஊதும், மேலே வலைப்பின்னல் போல் நுண்விரிசல் ஓடும். 1929ல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி மிகத் தூய துத்தநாகத்தில் ஜமாக் வகைகளைக் கொண்டுவந்ததே இந்த வியாதியிலிருந்து தப்பிக்கத்தான். ஆனால் மலிவு வார்ப்பாலைகள் எல்லாம் அந்தச் சுத்தத்தைக் கடைப்பிடித்தன என்று சொல்ல முடியாது. ஸ்லைடு பாதி வழியில் இறுகுகிறது, எண்ணெய் விட்டாலும் கேட்கவில்லை, சட்டம் லேசாய் வளைந்தது போல் தெரிகிறது என்றால் கீழே வைத்துவிடுங்கள். இதற்கு மருந்தே இல்லை.

சரி, "ஒரு ரவுண்டுகூடப் போடல" விசாரணைக்கு வருவோம். சுட்ட பிஸ்டலை எவ்வளவு துடைத்தாலும் சில மூலைகள் வாயைத் திறந்துவிடும். வெள்ளைப் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு நான்கு இடங்களில் திருகி எடுங்கள்: தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் வெளிவரும் துளையைச் சுற்றி, எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில், வாயு வெளியேறும் துவாரத்தின் உள்விளிம்பில், மேகசின் மேல்தட்டில். கறுப்பு வந்தால் சுட்டிருக்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டர் நகத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தால் அது பித்தளைத் தோட்டாக்கூடு உரசிய தடம், பஞ்சில் வராது. ஆனால் கையால் தோட்டாக்களை ஏற்றி இறக்கி விளையாடினாலும் இந்தத் தீற்றல் வரும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். தோட்டா அடிப்பகுதி வந்து மோதும் முகத்தில் வட்டமாய் ஒரு பளபளப்பு, துவாரத்தைச் சுற்றிப் பெயிண்ட் சுட்டுப்போன பழுப்பு, இரண்டும் சேர்ந்திருந்தால் வழக்கு முடிந்தது. "ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணியிருப்பாங்கண்ணே" என்ற வாதம் இந்த இடத்தில்தான் தவறாமல் வந்து நிற்கும். ஆலையில் ஒன்றிரண்டு போட்டிருந்தாலும் மேகசின் தட்டு முழுக்கக் கரி படியாது என்று பணிவோடு சொல்லலாம்.

இயக்கத்தைச் சோதிக்கும்போதுதான் வாங்க வந்தவரே பொருளைக் கெடுப்பது நடக்கும். காலி அறையோடு ட்ரிக்கரைப் பட்பட்டென்று இழுக்கும் பழக்கம் எல்லார் விரலிலும் இருக்கிறது. அப்படி இழுத்தால் தோட்டாவில் பட்டு நிற்க வேண்டிய ஃபயரிங் பின், நிறுத்த எதுவும் இல்லாமல் மென்மையான வார்ப்புச் சுவரிலேயே போய் முட்டும். பின் முறியும், அல்லது துளை அகன்றுபோகும். அந்தந்த அளவுக்கான பிளாஸ்டிக் டம்மி தோட்டா கிடைக்கும், அதைப் போட்டு இழுங்கள். இல்லாவிட்டால் ஹாமரை, அதாவது ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்குங்கள். பார்க்க வேண்டியவை இவை. ஹாமர் பாதியிலும் முழுசிலும் நிற்கிறதா? நின்ற ஹாமரை விரலால் லேசாக முன்னே தள்ளினால் நழுவுகிறதா? சேஃப்டி போட்டபின் ட்ரிக்கர் உண்மையிலேயே செத்துவிடுகிறதா? ஸ்லைடை மெதுவாக விட்டால்கூடக் கடைசி மில்லிமீட்டர் வரை தானே மூடுகிறதா? கடைசியில் தயங்கினால் ஸ்லைடை முன்னே தள்ளும் ரிக்காயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் கரி கட்டியிருக்கும்.

மேகசினைத் தனியாக ஐந்து நிமிடம் பாருங்கள். முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான். மேலுதடுகள் இரண்டும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒன்று விரிந்திருந்தால் தோட்டா மூக்கைத் தூக்கி நின்று சிக்கும். மேல்தட்டை விரலால் அடிவரை அழுத்தி விட்டால் இடறாமல் ஏறி வர வேண்டும். பட்டனை அழுத்தாமல் அது கழன்று விழுகிறதா என்றும் பாருங்கள். பழைய மாடலுக்கு மேகசின் தனியாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. மேகசின் இல்லாத பிஸ்டலை "வாங்கிக்கோங்கண்ணே, அப்புறம் தேடிக்கலாம்" என்று தருபவர் ஏற்கெனவே தேடிக் களைத்தவர்.

உடம்பில் பொறித்த எழுத்துகளை வாசிப்பதில் சோம்பல் கூடாது. பிஸ்டல்களில் 8 மி.மீ., 9 மி.மீ. பி.ஏ.கே. ஆகியவையும் ரிவால்வர்களில் 9 மி.மீ. ஆர்.கே. எனப்படும் .380 வகையும் பரவலானவை. பி.ஏ.கே. தோட்டாக்கூடு சுமார் 22 மி.மீ. நீளம், அசல் 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுடையது 19. எண் ஒன்றாக இருப்பதால் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள், உடம்பில் எழுதியதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. ஜெர்மன் சந்தைக்கு வந்த பொருளில் வட்டத்துக்குள் பி.டி.பி. என்ற எழுத்துகளும் அடியில் ஓர் எண்ணும் இருக்கும். பிரவுன்ஷ்வைக் நகரத்து அரசு அளவியல் நிறுவனம் அந்த மாடலை ஏற்றதற்கான முத்திரை அது. ஒரே மாடல் முத்திரையோடும் முத்திரை இல்லாமலும் வந்தால் சேகரிப்பாளர் முத்திரை உள்ளதற்குத்தான் கூடுதல் கொடுப்பார். எழுத்துப் பள்ளங்களில் பெயிண்ட் நிரம்பி மொழுக்கென்று இருந்தால் மறுபூச்சு நடந்திருக்கிறது. பிடித்தட்டு ஸ்க்ரூவின் பள்ளத்தையும் பாருங்கள், அவசரப் பூச்சு அங்கேதான் ஒளிந்திருக்கும். நிக்கல் முலாம் கொப்புளம் விட்டிருந்தால் அடியில் துத்தநாகம் பொங்கிவிட்டது என்று பொருள். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கொப்புளம் உடையும், கூடவே மனசும் உடையும்.

கறுப்புப் பூச்சின் மேல் இருக்கும் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் போலத் தெரிய வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் ஆசை, சட்டம் கேட்பதோ நேர் எதிர். ஜப்பானில் 1971 முதல் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழல் அடைபட்டிருக்க வேண்டும், நிறம் வெள்ளை அல்லது மஞ்சள். அதனால்தான் அங்கிருந்து வரும் அருமையான வேலைப்பாடுகள் கல்யாண மாப்பிள்ளை போலத் தங்க நிறத்தில் மின்னுகின்றன. அதைக் கறுப்பாக்கினால் சட்டப்படியும் தப்பு, சந்தை மதிப்பும் கெடும். ஜெர்மனியில் 18 வயதானவர் வாங்கி வீட்டில் வைக்கலாம், இடுப்பில் செருகித் தெருவில் நடக்க 2003 முதல் தனி உரிமம் வேண்டும். பிரிட்டன் 2025ல், துருக்கியில் தயாராகி மேல்புறமாக வாயு விடும் சில மாடல்களை எளிதில் நிஜத் துப்பாக்கியாகக்கூடியவை என்று தடை செய்து, பிப்ரவரியில் ஒப்படைக்க அவகாசமும் கொடுத்தது. திடீரென்று ஒரு மாடல் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்தால் நம் அதிர்ஷ்டத்தைச் சந்தேகியுங்கள். பணம் கொடுக்கும் முன் நம் நாட்டில் அதற்கு உரிமம் தேவையா என்று உரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். குழலுக்குள் தடையில் கீறல், துளை, புதுப் பளபளப்பு என்று எதையாவது பார்த்தால் பேரமே பேசாதீர்கள். அது சேகரிப்புப் பொருள் அல்ல, வழக்குப் பொருள்.

இவ்வளவும் பார்த்தபின் "ஒரே ஒரு ரவுண்டு போட்டுப் பாத்துடலாமா தம்பி" என்று உள்ளே குறுகுறுப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர் சம்மதித்து, அனுமதியுள்ள திறந்தவெளியில், காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சத்தம் காதருகே 150 டெசிபெல்லைத் தாண்டும். காது தாங்கும் உச்ச வரம்பாகச் சொல்லப்படுவது 140. அறைக்குள் போட்டால் அடுத்த அரைமணி நேரம் வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் "என்னது?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், பூனை சாயந்தரம்தான் திரும்பும். மேல்புறம் வாயு விடும் மாடலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் புருவம் பொசுங்கும். சுட்டபின் ஸ்லைடு பாதியில் நின்றால் உடனே பொருளைத் திட்ட வேண்டாம். இந்த வகை பிஸ்டலில் குழலின் குறுகல் வாயுவை அடக்கித்தான் ஸ்லைடைப் பின்னே தள்ளுகிறது. துவாரத்தில் கரி சேர்ந்தாலும் தோட்டா பழசானாலும் அந்த அழுத்தம் மாறிவிடும். சுத்தம் செய்து புதுத் தோட்டா போட்டும் நின்றால்தான் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வீடு வந்ததும் அன்றைக்கே நைலான் பிரஷ்ஷால் கரியை எடுத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். கருமருந்துத் தோட்டாவின் சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, எஃகுப் பாகங்களில் துருவை வரவழைக்கும்.

பெட்டியைப் பற்றி விற்பவர் அலட்சியமாகவும் வாங்குபவர் வெறியாகவும் இருப்பார்கள், இதில் வாங்குபவர் சொல்வதே சரி. பெட்டி லேபிளின் சீரியல் எண் உடம்பில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கையேடு, பிரஷ், ஐரோப்பிய மாடல்களில் வாணம் விட குழல் முனையில் திருகும் சிக்னல் கப் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அந்தக் கப்தான் முதலில் தொலையும். தோல் உறை இனாமாய் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிஸ்டலை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் பதனிட்ட அமிலம் முலாமைத் தின்னும், துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பெட்டியின் பழைய ஸ்பாஞ்ச் பிசுபிசுத்திருந்தால் அதையும் மாற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். ரசீதில் "துப்பாக்கி – 1" என்று மொட்டையாக எழுத விடாமல் மாடல், அளவு, சீரியல் எண், "வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும்" என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். வழியில் போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னால், காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி அவருக்கு விளக்குவதைவிட அந்தச் சீட்டை நீட்டுவது சுலபம்.