நன்றி சொல்லும் வேகம்

ஓட்டம் எனக்குப் புதிதல்ல, வருடக்கணக்காக ஓடுகிறேன். ஆனால் ஓடுவது உடம்புக்கு, பிரார்த்தனை உட்கார்ந்து செய்வது என்று இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. சில மாதங்களாக இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்க்கிறேன். அதில் எது நிலைத்தது, எதை விட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடுவதுதான் முதல் முயற்சி. சில நிமிடம்கூடத் தாங்கவில்லை. மனம் முடிக்காத வேலைக்கும் பேசாமல் விட்ட போனுக்கும் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் என்றால் எதுவுமே கண்முன் வருவதில்லை.

அப்புறம் பாதத்தில் இருந்து தொடங்கினேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் இழுபட்டு, அந்த விசையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, கால் தரையை விட்டு எழும்போது திருப்பிக் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஓடினால் நன்றி தானாக வருகிறது, வரவழைக்க வேண்டியதில்லை. பாதம், கணுக்கால், முழங்கால் என்று மெல்ல மேலே போவேன். இதயத்துக்கு வரும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கேயே இருப்பேன். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் ரத்தம் தள்ளுகிற இதயம், நன்றாக ஓடும்போது மூன்று, நான்கு மடங்கு தள்ளுகிறது. நான் கேட்டு அது செய்யவில்லை.

இதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் வேகம் மாறியது. சுலபமான ஓட்டம் என்றால் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். என் வாக்கியம் இதுதான்: "இந்தக் கால்கள் இன்றைக்கும் என்னைச் சுமக்கின்றன, நன்றி." ஏற்றத்தில் 'இன்றைக்கும்' என்ற இடத்தில் மூச்சு அறுந்துவிடும். வாக்கியம் முழுதாக வருகிற வரை வேகத்தைக் குறைப்பேன், தேவைப்பட்டால் நடப்பேன். வேகத்தைப் பார்க்காமலிருக்க, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். பாட்டு கேட்பதையும் விட்டாயிற்று.

வேறு இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்ததில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டேன். ஜப்பானின் ஹியேய் மலையில் தெந்தாய் என்ற பௌத்தப் பிரிவின் துறவிகள் சிலர் ஏழு ஆண்டுகளில் 1000 நாள் மலைப்பாதையில் போகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அந்த நாட்களில் தினமும் 30 கிலோமீட்டர் அளவு. பலர் இதை ஓட்டம் என்று எழுதினாலும் பெரும்பாலும் வேக நடைதான். என்னைத் தொட்டது தூரம் அல்ல. வழியில் 250-க்கும் மேற்பட்ட இடங்களில் நின்று வணங்குகிறார்கள். அதில் மரமும் பாறையும் உண்டு. ஓட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்று அதுவரை பிடிவாதமாக இருந்தேன். இப்போது என் பாதையில் ஒரு பெரிய மரம், திரும்பும் முனை என்று சில இடங்களில் நிற்கிறேன். மூன்று மூச்சு நேரம், கை கூப்பி. யார் பார்த்தாலும் சரி.

அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி மக்களிடம் விடியலில் கிழக்கு நோக்கி ஓடுவது பிரார்த்தனையாகவே இருக்கிறது. அதைப் படித்த பிறகு என் சுற்றையும் கிழக்கு முகமாகத் தொடங்கும்படி மாற்றினேன். நியூயார்க்கில் ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோய் 1997-இல் தொடங்கிய 3100 மைல் ஓட்டத்தில், 883 மீட்டர் நீளமுள்ள ஒரே தெருச்சுற்றை 52 நாட்களுக்குள் 5649 தடவை சுற்றுகிறார்கள். ஒரே சிறிய சுற்றில் ஓடுவது சலிப்பு என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

அப்படி ஒரு சிறிய சுற்றில் நானும் ஓடியபோதுதான் இதில் மிகவும் பலன் தந்த முறை கிடைத்தது: ஒரு சுற்றுக்கு ஒருவர். பெயரை மட்டும் சொன்னால் போதாது, அவர் செய்த ஒரு காரியத்தைச் சுற்று முடியும் வரை நினைக்க வேண்டும். கணக்கை மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்த டீச்சர். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன இரவு விடிய விடியக் கூட உட்கார்ந்த நண்பன். ஒருநாள் அண்ணன் முறை வந்தது. எங்களுக்குள் நெடுநாளாகப் பேச்சு இல்லை. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது சீட்டைப் பிடித்தபடி செருப்பில்லாத காலோடு கூடவே ஓடி வந்தானே, அது நினைவில் ஏறியது. பாதிச் சுற்றில் கண் நிறைந்துவிட்டது. அன்று மாலை போன் செய்தேன். நன்றி என்று சொல்லவில்லை, சௌக்கியம்தான் விசாரித்தேன். அவனும் நன்றாகவே பேசினான். உட்கார்ந்து பிரார்த்தித்த இத்தனை வருடத்தில் அந்தப் போன் நடக்கவே இல்லை. உடம்பு களைக்கும்போது மனதின் வீம்பும் கொஞ்சம் தளர்ந்துவிடும் போலிருக்கிறது.

நடுவில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலி வந்து சில வாரம் ஓட முடியவில்லை. அதே பாதையில் நடந்தேன், அதே இடங்களில் நின்றேன். வலிக்கிற காலுக்கு நன்றி சொல்வது எளிதல்ல. ஓய்வு கேட்கத் தெரிந்த கால் என்று அதற்கும் சொன்னேன், மனதாரவே.

எதுவும் தோன்றாத நாட்களும் வருகின்றன. அன்று வெறும் ஓட்டம்தான், அதுவும் நல்லதே. வேகப் பயிற்சி நாட்களில் மட்டும் இது இன்னும் பிடிபடவில்லை. மூச்சு முட்டும்போது வார்த்தைக்கு இடமே இல்லை. இப்போதைக்கு ஒவ்வொரு வேக ஓட்டத்துக்கும் நடுவில் நடக்கும் இடைவெளியில் சொல்கிறேன். அடுத்து, நீண்ட ஓட்டத்தின் கடைசிக் கால்பங்கில் வார்த்தையை விட்டுவிட்டு, மூன்று அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விட்டபடி ஓடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அது வசப்பட்டால் வேக நாளுக்கும் கொண்டுபோகலாம்.