வீட்டில் சிக்கன் ஷவர்மா: சுழலும் கம்பி இல்லாமல், பூண்டுத் தயிரோடு

ஷவர்மாக் கடையில் கம்பியில் சுற்றும் கறியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நெருப்புக்கு முன்னால் வரும் மேல்பரப்பு மட்டும்தான் சிவந்து மொறுமொறுக்கும். உள்ளே இருப்பது மெதுவாக வெந்துகொண்டிருக்கும். சிவந்ததைக் கத்தியால் சீவி எடுத்ததும் அடுத்த அடுக்கு நெருப்பைப் பார்க்கும். அதனால்தான் வாய்க்கு வாய் கொஞ்சம் மொறுமொறுப்பும் கொஞ்சம் சாறும் சேர்ந்து வருகிறது. வீட்டில் சிக்கனைப் பொடியாக நறுக்கி, மசாலா பிரட்டி, வாணலியில் மொத்தமாகக் கொட்டினால் கிடைப்பது சிக்கன் வறுவல். ருசியில் குறை இருக்காது, ஆனால் ஷவர்மா ஆகாது. கம்பி செய்யும் வேலையை வீட்டில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் கறியை அடுக்கி, அழுத்தி, ஒரே கட்டியாக வேகவைப்பது. பிறகு மெல்லிசாகச் சீவி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் ஓரம் சிவக்க வாட்டுவது.

கறியில் தொடங்குவோம். போன்லெஸ் என்று மட்டும் கேட்டால் பெங்களூரில் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத்தான் போடுவார்கள். அது இரண்டு தடவை சூட்டைத் தாங்காது, நார் நாராக வறண்டுவிடும். "பாய், பிரெஸ்ட் வேண்டாம், முழு லெக் தோல் எடுத்துக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டானாலும் அல்சூர் தெருக்கடையானாலும் கேட்டால் கிடைக்கும். 1.2 கிலோ வாங்கினால் எலும்பு நீக்கி ஏறக்குறைய 800 கிராம் நிற்கும். ஆறு ரோலுக்குத் தாராளம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கடையில் அப்போதே அறுத்த கோழியை அங்கேயே எலும்பு நீக்கி வாங்கினால் கறி கடினமாக வாய்ப்பு அதிகம். அறுத்த சில மணி நேரத்துக்குத் தசை இறுகும், பிறகுதான் தளரும். இறுகும் நேரத்தில் எலும்பிலிருந்து பிரித்தால் தசை சுருங்கிக்கொள்ளும், எவ்வளவு ஊறவைத்தாலும் ரப்பர் மாதிரி இழுக்கும். எலும்போடு வாங்கி வந்து, மூடி, ஃபிரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் வைத்த பிறகு நீங்களே எலும்பை எடுங்கள். தொடை எலும்பின் மேல் நீளவாக்கில் ஒரு கீறு போட்டு, கத்தி நுனியை எலும்போடு ஒட்டியே நகர்த்தினால் சுலபமாக வந்துவிடும். கணுக்கால் பக்கமுள்ள வெள்ளை நரம்புகளை அப்போதே நறுக்கிவிடுங்கள். பிரித்த கறியைப் புத்தகம் போல விரித்து, தடித்த இடத்தைக் கத்தியால் திறந்து, எல்லாம் ஒரே கனத்துக்கு வரும்படி தட்டையாக்குங்கள்.

மசாலா 800 கிராம் கறிக்கு: உப்பு 10 கிராம் (ஒன்றேமுக்கால் டீஸ்பூன்), லேசாக வறுத்துப் பொடித்த சீரகம் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், பியாடகி மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், பட்டைத்தூள் கால் டீஸ்பூன், கிராம்பு 3, ஏலக்காய் 4, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். இதோடு நசுக்கிய பூண்டு 6 பல், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், வடித்த கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூன் (வடிக்கும் விதம் கீழே), எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். நிறத்துக்குக் கர்நாடகத்து பியாடகியை விட்டால் வேறு தேட வேண்டாம். சிவப்பு நன்றாக ஏறும், காரம் மட்டாக இருக்கும். இஞ்சிப்பூண்டு விழுதும் கரம் மசாலாவும் கைக்குப் பழகியவை, ஆனாலும் இங்கே வேண்டாம். அவை சேர்ந்தால் வாசனை பிரியாணிப் பக்கம் போய்விடும். தவிரவும் பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இரவெல்லாம் ஊறும் கறியின் மேல்பகுதியை அது கூழாக்கிவிடும்.

தயிரின் அளவைப் பார்த்து, இவ்வளவுதானா என்று தோன்றும். அதற்குமேல் கூடாது. தயிர் அதிகமானால் தண்ணீர் விட்டுக் கறி வறுபடாமல் அவிந்துபோகும். கல்லில் போடும்போது பால் சத்து முதலில் கருகும், கறி சிவக்கும் முன்பே கசப்பு ஏறிவிடும். எலுமிச்சையும் அப்படித்தான். கூடினால் கறியின் மேல்புறம் வெளிறி, சுண்ணாம்புபோல் மாவாகிவிடும்.

எல்லாவற்றையும் கறியில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். முதலில் வழுக்கும், பிறகு விரலில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். உப்பு கறியிலிருந்து வெளியே கொண்டுவந்த புரதம்தான் அந்தப் பிசுபிசுப்பு. வேகும்போது அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது அதுவே. இதை அவசரமாக முடித்தால் சீவும்போது கட்டி உதிர்ந்துபோகும்.

9 அங்குல பிரெட் டின்னில் எண்ணெய் தடவி, கறித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் தட்டையாக அடுக்குங்கள். நடுவில் வெங்காயம், தக்காளி எதுவும் வைக்க வேண்டாம். அவை விடும் தண்ணீர் அடுக்கைப் பிரித்துவிடும். மேலே ஃபாயில் போட்டு மூடி, அதன்மேல் இரண்டு உப்புப் பாக்கெட்டைப் பாரமாக வைத்து ஃபிரிட்ஜில் 8 முதல் 16 மணி நேரம் விடுங்கள். டின் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். பச்சைக் கறியின் சாறு தயிர், காய்கறி மேல் சொட்டக் கூடாது.

ஓ.டி.ஜி.யை (வீட்டுச் சிறிய மின்சார ஓவன்) மேல், கீழ் இரண்டு சூடாக்கும் கம்பியும் போட்டு 200 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள். பாரத்தை எடுத்துவிட்டு, ஃபாயில் மூடியபடியே 45 நிமிடம், பிறகு திறந்து 220 டிகிரியில் 10 நிமிடம். நடுப்பகுதி குறைந்தது 74 டிகிரியைத் தொட வேண்டும். தொடைக்கறிக்கு 80 வரை போனால் இன்னும் நல்லது, இணைப்புத் தசை இளகும். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கின் நடு எப்போது வெந்தது என்பதை வெளிநிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

டின்னில் ஒரு கிண்ணம் அளவுக்குச் சாறு தேங்கி நிற்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், தனியாக வடித்து வையுங்கள். கட்டியை 20 நிமிடம் ஆறவிட்டாலே சீவலாம். ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வைத்தால் கத்தி இன்னும் சீராக இறங்கும். அடுக்குகளுக்குக் குறுக்காக 4, 5 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள்.

இனி தோசைக்கல். நான்ஸ்டிக்கில் இந்த வேலை சரியாக நடக்காது, அவ்வளவு சூட்டை அது தாங்காது. இரும்புக் கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓட வேண்டும், அந்தச் சூடு. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, இரண்டு ரோலுக்கான கறியை மட்டும் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றரை நிமிடம் கரண்டியால் தொடவே கூடாது. கிளறினால் சிவக்காது. ஓரங்கள் சுருண்டு, கரும்பழுப்பாகி, கொழுப்பு பொரியும் சத்தம் கொஞ்சம் அடங்கும்போது புரட்டி, எடுத்துவைத்த சாறு ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றுங்கள். சர்ரென்று ஆவியாகி, கல்லில் ஒட்டிய மசாலாவையும் கரைத்துக்கொண்டு கறிமேல் பூசிக்கொள்ளும். உடனே இறக்கிவிடுங்கள். ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் முழுத் துண்டுகளைக் கல்லில் மிதமான தீயில், மேலே கனமான பாத்திரம் வைத்து, பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டுச் சீவி, இதேபோல் வாட்டலாம். அடுக்கின் மென்மை வராது, ஆனாலும் வறுவலைவிட எவ்வளவோ நெருக்கம்.

அடுத்து பூண்டுத் தயிர். பல கடைகளில் தடவுவது மயோனைஸ். லெபனானில் சிக்கன் ஷவர்மாவுக்குப் போடும் தூம் என்பது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும் சேர்த்து அடிப்பது, பழைய முறையில் முட்டையே கிடையாது. பச்சை முட்டை மயோனைஸில் சால்மொனெல்லா பயம் எப்போதும் உண்டு. ஓசூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்ததும் அதனால்தான். தயிரில் அந்தத் தொல்லை இல்லை. அதன் புளிப்பு தொடைக்கறியின் கொழுப்பையும் வெட்டும். எனக்கு இதுதான் தூமைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

500 கிராம் நந்தினி தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே நாலு மணி நேரம் வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். 300 கிராம் அளவுக்குக் கெட்டித் தயிரும், கீழே 200 மில்லிக்கு அருகில் தெளிந்த நீரும் கிடைக்கும். நீரை ரொட்டி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். தயிரில் 2 டேபிள்ஸ்பூன் மசாலாவுக்குப் போனது போக மீதி சாஸுக்கு.

பூண்டு மூன்று பல் போதும், மலைப்பூண்டானால் இரண்டு. பல்லைப் பிளந்து நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள், கசக்கும். பூண்டின் காட்டம் நசுக்கிய பிறகுதான் உண்டாகிறது. அதை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். ஆகவே சின்ன உரலில் அரை டீஸ்பூன் உப்போடு பூண்டைப் போட்டு, முதலிலேயே ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் ஊற்றி இடித்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வாசனை நிற்கும், நாக்கை எரிக்காது. எலுமிச்சை இல்லாமல் இடித்துத் தயிரில் போட்டால் மறுநாள்வரை தொண்டை காந்தும். பிறகு அந்த விழுதைத் தயிரில் சேர்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸி கூடாது. மிக்ஸியில் சுற்றினால் வடித்த தயிரின் கட்டு உடைந்து மோராகிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் இறுகாது. எள் விழுது இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபின் உப்புப் பாருங்கள். சில சமயம் பூண்டு லேசாகப் பச்சையோ நீலமோ ஆகும். புளிப்பு பட்டதால் வரும் நிறம்தான் அது, கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை.

ரொட்டிக்கு ஃபிரேசர் டவுன் பக்கம் குபூஸ் பாக்கெட்டாகவே கிடைக்கும், அது போதும். வீட்டில் செய்வதானால் மைதா 300 கிராம், ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பாக்கிய தயிர் நீர் 190 மில்லி. எட்டு நிமிடம் பிசைந்து இருமடங்காகும்வரை மூடி வையுங்கள். பெங்களூர் டிசம்பர் குளிரில் ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஆறு உருண்டையாக்கி, சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு முக்கால் நிமிடம். சுட்டதும் துணிக்குள் மூடினால்தான் மடிக்கும்போது வெடிக்காது.

ஊறுகாய் இல்லாமல் ஷவர்மா மந்தமாக இருக்கும். வெள்ளரி, கேரட் குச்சிகளோடு ஒரு பீட்ரூட் துண்டு போட்டு, வினிகரும் தண்ணீரும் ஒரு கப் ஒரு கப், உப்பு 1 டேபிள்ஸ்பூன் கலந்து ஒரு நாள் ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். முட்டைக்கோஸ் போடுவதானால் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

ரோல் நடுவில் கிழிந்து கையெல்லாம் வழிவது பலருக்கும் நடப்பது. கொதிக்கக் கொதிக்கக் கறியைத் தயிர்மேல் போட்டால் தயிர் இளகும், அதுதான் காரணம். கறியைக் கல்லிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். ரொட்டியின் நடுவில், ஓரம் இரண்டு விரல் விட்டு, சாஸ் 2 டேபிள்ஸ்பூன், அதன்மேல் வடிய வைத்த ஊறுகாய், கடைசியில் நூறு கிராம்போலக் கறி. கீழ் ஓரத்தை மடித்து இறுக்கிச் சுருட்டி, மடிப்புப் பக்கம் கீழே வருமாறு கல்லில் ஒரு நிமிடம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

மீந்த கறிக் கட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் சேர்த்தால் மூன்று நாள் இருக்கும். சீவாமல் கட்டியாகவே வையுங்கள், சீவியது சீக்கிரம் காயும். ஃபிரீசரில் வைப்பதானால் மட்டும் சீவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒரு மாதம்வரை எடுக்கலாம். சாஸ் மூன்று நாள் தாங்கும், நாளுக்கு நாள் பூண்டு தூக்கும். ஃபிரீசரில் அதை வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் தனியாகத் திரிந்துவிடும்.