அந்த இரண்டு காலடி

போன சனிக்கிழமை 14 வயதுக்குட்பட்டோர் பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் நான் பேஸ் அம்பயராக, அதாவது ரன்னர்கள் வரிசையாகத் தொட்டு ஓடுகிற பேஸ்கள் என்ற தளங்களைக் கவனிப்பவராக, நின்றிருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பையன் வலதுபுற அவுட்ஃபீல்டில் இரண்டு பேருக்கு நடுவே பந்தை அடித்துவிட்டு ஓடினான். முதல் பேஸைத் தொட்டுத் திரும்புகிற இடத்தில், பேஸின் உள்முனையிலிருந்து ஓரடி தள்ளி, முதல் பேஸ்மேன் (அந்த பேஸைக் காக்கிற ஃபீல்டர்) கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பந்து போன திசையையே பார்த்து நின்றான். ஓடிவந்தவனின் இடது தோள் அவன் மார்பில் மோதியது. யாரும் விழவில்லை. ரன்னர் வெளிப்பக்கமாக ஒரு காலடி தடுமாறினான், மறுபடி வேகம் பிடிக்க இன்னொரு காலடி ஆனது. அவ்வளவுதான்.

கையை நீட்டி அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி "அப்ஸ்ட்ரக்ஷன்" என்று, அதாவது தடை என்று, சத்தமாகச் சொன்னேன். ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது பேஸுக்குப் பந்து வந்தது, பையனும் வந்தான், பேஸுக்கு ஒரு காலடி இருக்கும்போது டேக் விழுந்தது, அதாவது ஃபீல்டர் பந்தோடு அவனைத் தொட்டுவிட்டான்; சாதாரணமாக அது அவுட். நான் 'டைம்' கேட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி, அவனுக்கு இரண்டாவது பேஸைக் கொடுத்தேன்.

ஃபீல்டிங் அணியின் கோச் வேகமாக வந்தார். "வேண்டுமென்றா செய்தான்? சும்மாதானே நின்றுகொண்டிருந்தான்!"

சும்மாதான் நின்றான். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் அப்ஸ்ட்ரக்ஷனுக்குத் தந்திருக்கும் விளக்கத்தில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லே கிடையாது. கையில் பந்து இல்லாத ஒரு ஃபீல்டர், பந்தைப் பிடிக்கிற வேலையிலும் இல்லாதபோது, ஓடுகிறவருடைய ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால் அது தடை. இவ்வளவுதான் கேள்வி. பந்து இருந்ததா, பிடிக்கிற வேலையில் இருந்தாரா, ஓட்டம் கெட்டதா. மனதில் என்ன நினைத்தார் என்று அம்பயர் ஆராய வேண்டியதில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கிரிக்கெட்டில் 'அப்ஸ்ட்ரக்டிங் தி ஃபீல்ட்' என்றால் குற்றம் பேட்ஸ்மேனுடையது. பேஸ்பாலில் அந்தச் சொல் ஃபீல்டர் பக்கம் போய்விடுகிறது. பேட்டிங் அணி ஃபீல்டரைக் கெடுத்தால் அதற்கு இன்டர்ஃபியரன்ஸ் என்று தனிப்பெயர். நான் இந்த விளையாட்டுக்குள் வந்த புதிதில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்று செய்யாத தடை எவ்வளவு பெரிதாகப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் இறுதித் தொடரான 2013 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ். கார்டினல்ஸும் ரெட் சாக்ஸும் 4-4 என்று சமமாக இருக்கிறார்கள், ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, அதாவது கார்டினல்ஸ் பேட் செய்யும் பாதி. கார்டினல்ஸின் யாடியர் மொலினா, தொட்டால் ரன் கிடைக்கிற ஹோம் பிளேட்டில் அவுட் ஆகிறார். உடனே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் ரெட் சாக்ஸ் கேட்சர் சால்டலமாக்கியா, மூன்றாவது பேஸுக்கு ஓடும் ஆலன் கிரெய்கை அவுட் ஆக்க அங்கே எறிகிறார். எறி தவறிப் பந்து இடது அவுட்ஃபீல்டுக்குப் போகிறது. அதைப் பிடிக்கப் பாய்ந்த மூன்றாவது பேஸ்மேன் வில் மிடில்புரூக்ஸ் குப்புறக் கிடக்கிறார். சறுக்கி எழுந்த கிரெய்க் ஹோமுக்கு ஓடப் பார்த்து, கிடந்தவர்மேல் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடுகிறார். அவுட்ஃபீல்டிலிருந்து வந்த பந்து அவரை முந்திக்கொள்கிறது, டேக்கும் விழுகிறது. ஆனால் ஹோம் பிளேட் அம்பயர் டானா டிமுத் சேஃப், அதாவது அவுட் இல்லை என்று காட்டுகிறார், கையை மூன்றாவது பேஸ் பக்கம் நீட்டியபடி. ஏனென்றால் அங்கே அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அந்தத் தடையை நடந்த நொடியிலேயே சுட்டிவிட்டார். 5-4, ஆட்டம் முடிந்தது. உலகத் தொடர் ஆட்டம் ஒன்று இப்படி முடிந்தது அதுதான் முதல் தடவை.

பாவம் மிடில்புரூக்ஸ், அவர் எங்கே போவார், மாயமாக மறைந்துவிட முடியுமா என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விதிப்புத்தகத்தின் குறிப்புரை கிட்டத்தட்ட இதே காட்சியைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறது. பந்துக்காகப் பாய்ந்து, பந்து தாண்டிப் போன பிறகும் தரையிலேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்துகிற ஃபீல்டர் பெரும்பாலும் தடை செய்தவர்தான் என்கிறது. பந்து தாண்டிய நொடியில் 'பிடிக்கிற வேலை' முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பாதை ஓடுகிறவருடையது.

எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது ஜாய்ஸின் கை. ஒலி காதைப் பிளக்கிற மைதானத்தில், உலகத் தொடரில், பந்து எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க, அவர் பந்தைப் பார்க்காமல் காலடியில் இருந்த இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பயரிங்கில் கடினமான பழக்கம் இது. பந்து எங்கே போகிறதோ அங்கேதான் எல்லோருடைய கண்ணும் போகும். தடை நடப்பது பந்து இல்லாத இடத்தில்.

விதி தடையை இரண்டாகப் பிரிக்கிறது. இப்போது 6.01-இல் 'எச்' பிரிவாக இருக்கிறது. தடைபட்ட ரன்னரையே அவுட் ஆக்க அந்த நேரத்தில் முயற்சி நடக்கிறது, அல்லது பேட்டர் முதல் பேஸைத் தொடுவதற்கு முன்பே தடைபடுகிறார் என்றால் பந்து அங்கேயே செத்துப்போகும். இரண்டு கையையும் தூக்கி நிறுத்திவிட வேண்டியதுதான். தடைபட்டவருக்கு, கடைசியாகத் தொட்ட பேஸிலிருந்து குறைந்தது ஒரு பேஸ் கிடைத்தே தீரும். இரண்டாவது வகையில் ரன்னர்மேல் யாரும் முயற்சி செய்யவில்லை, சனிக்கிழமை அந்தப் பையன்மேல் செய்யாதது மாதிரி. அப்போது சுட்டிக்காட்டிவிட்டு ஆட்டத்தை ஓடவிட வேண்டும். முடிந்த பிறகு, அந்தத் தடை நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அந்த நிலைக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றும் முடியலாம்.

இதைப் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2003-இல் ஓக்லண்டின் மிகேல் தெஹாடா. ரெட் சாக்ஸுக்கு எதிரான பிளேஆஃப், மூன்றாவது ஆட்டம். மூன்றாவது பேஸைச் சுற்றும்போது ரெட் சாக்ஸின் மூன்றாவது பேஸ்மேன் பில் முல்லர்மேல் மோதினார், அம்பயரும் தடை என்று சுட்டினார். தனக்கு ஹோம் பிளேட் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தெஹாடா பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். கேட்சர் வாரிடெக் டேக் செய்தார். அவுட். கை சுட்டியது பேஸைத் தருவதற்கான கை இல்லை, 'நான் பார்த்துவிட்டேன், நீ ஓடு' என்று சொல்கிற கை. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பதை அம்பயர் எடைபோட்டிருக்க முடியும். ஓக்லண்ட் அந்த ஆட்டத்தை 11 இன்னிங்ஸில் 3-1 என்று இழந்தது, 2-0 என்று முன்னிலையில் இருந்த தொடரையும் இழந்தது. பயிற்சி வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் சீசனில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு பையன் ஓடினான். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே ஃபீல்ட் செய்கிற ஷார்ட்ஸ்டாப் பாதையில் நின்றான். பையன் மோதாமல், வேகத்தைக் குறைத்து, வளைந்து சுற்றிப் போனான். மூன்றாவது பேஸில் ஒரு கை அளவில் அவுட். ஒருவரையொருவர் தொடவே இல்லையே என்று நான் கையைத் தூக்கவில்லை. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தான்.

அன்று ஹோம் பிளேட்டில் இருந்தவர் எனக்கு மூத்தவர். ஆட்டம் முடிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "தொட்டால்தான் தடை என்று எங்கே படித்தீர்கள்?" எங்கேயும் படிக்கவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. மோதாமல் ஒதுங்கிப் போன நல்ல பிள்ளைக்கு, மோதியிருந்தால் கிடைத்திருக்கும் நியாயம் கிடைக்காமல் போய்விட்டது.

அப்புறம் அவர் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தடையால் எத்தனை காலடி போனது என்று எண்ணுங்கள், எத்தனை காலடியில் அவுட் ஆனான் என்று பாருங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். சனிக்கிழமை பையனுக்குப் போனது இரண்டு காலடி, அவுட் ஆனது ஒரு காலடியில். அதனால் இரண்டாவது பேஸ். அவன் பத்துக் காலடி பின்னால் இருந்திருந்தால் தடையைச் சுட்டிய நானே அவுட் என்றும் சொல்லியிருப்பேன். இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடி அங்கே மாட்டியிருந்தாலும் அவுட்தான், நான் காப்பாற்ற முடிவு செய்த பேஸைத் தாண்டினால் அது அவன் பொறுப்பு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளில் நிலைமை வேறு. அங்கே எந்தத் தடைக்கும் குறைந்தது ஒரு பேஸ் நிச்சயம். எந்தப் புத்தகத்தின்படி ஆடுகிறோம் என்பதைக் காலையிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

காலடிக் கணக்கு உதவாத இடமும் உண்டு. ஃபீல்டர் பேஸை மறித்து நிற்கிறார், எறி வந்துகொண்டிருக்கிறது. பந்து நேராக அவரை நோக்கி, அவர் அங்கே நின்றே ஆகவேண்டிய அளவுக்கு அருகில் வந்துவிட்டால் அவர் பிடிக்கிற வேலையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு அருகில்? புத்தகம் அளவு தரவில்லை, முழுக்க அம்பயர் முடிவு என்று விட்டுவிடுகிறது. பந்து அடிபடாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடுகிற திருட்டு ஓட்டத்தில், ஃபீல்டர் முழங்காலைப் பேஸின் முன் இறக்கி வைக்கிற பழக்கம் வளர்ந்துபோய், 2024 சீசனுக்கு முன்னால் மேஜர் லீக்கே இதைக் கண்டிப்பாகப் பார்க்கப்போகிறோம் என்று அணிகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி. ஹோம் பிளேட்டுக்கோ 2014-இலேயே தனி விதி வந்துவிட்டது. 2011-இல் ஒரு மோதலில் கேட்சர் பஸ்டர் போஸியின் கால் உடைந்து அவருடைய சீசனே முடிந்துபோனதுதான் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது. தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்து வருகிற பையனின் விரல்கள் ஒரு முழங்காலில் போய் முட்டுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஏன் வேண்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். கோச்சிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன்: "வேண்டுமென்று செய்யவில்லை சார், எனக்கும் தெரியும். ஓட்டம் கெட்டது, அதைச் சரிசெய்தேன்." அவருக்குத் திருப்தியில்லை, ஆனாலும் திரும்பிப் போனார்.

அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் முதல் பேஸ்மேன் என்னிடம் வந்து, கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அப்போ நான் எங்கே நிற்கணும்?" என்று கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் பேஸிலிருந்து, பேட்டருக்குப் பந்தை எறியும் பிட்சர் பக்கமாக நான்கு எட்டு நடந்து காட்டினேன். இங்கே நின்றால் யார் வழியிலும் இருக்கமாட்டாய், ரன்னர் பேஸைத் தொட்டானா என்பதும் இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும், தொடாமல் போனால் நீ அப்பீல் கேட்கலாம் என்றேன். அப்பீல் என்றதும் முகம் மலர்ந்தது.

ஆறாவது இன்னிங்ஸில் இன்னொரு பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனது. நான் உள்ளே ஓடித் திரும்பிப் பார்த்தபோது அவன் அந்த நான்கு எட்டுக்கு அப்பால் குனிந்து நின்றுகொண்டிருந்தான், கண் பேஸின்மேல். ரன்னர் உள்முனையில் கால் பதித்து, யார்மேலும் படாமல் இரண்டாவதுக்குப் போனான். "தொட்டுட்டான்" என்று அவனே எனக்குச் சொன்னான்.